என் அப்பத்தாவை வேட்டைக்குச் சாட்சி சொல்ல அழைக்காதீர்கள்

விருந்தினர் மாளிகை முற்றத்தில் விளக்கு கட்டி, திருட்டுத்தனமாகப் பிடித்த காட்டுக்கோழியை ஒரு நண்பர் சமைத்துக் காட்டும் காணொளியை ஞாயிற்றுக்கிழமை முதல் எனக்கு அனுப்பாதவர்களே குறைவு. காட்டுக்கோழியைச் சட்டியில் போட்டுக் கிளறியபடி 'தாண்டிக்குடி மலையின் பாரம்பரியச் செய்முறை' என்று அந்த நண்பர் சொல்வது என் அப்பத்தாவின் செய்முறை. சென்ற ஆண்டு இதே பக்கத்தில் நான் எழுதியது. மலைப்பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட வேண்டும் என்ற வரியைக்கூட மாற்றாமல் வாசிக்கிறார். பெயர் சொல்லவில்லை என்பதல்ல என் வருத்தம். (அதுவும் கொஞ்சம் உண்டு, போகட்டும்.) ஒரு கிழவியின் கைப்பக்குவத்தைத் திருட்டு வேட்டைக்கு அனுமதிச் சீட்டாக நீட்டுகிறாரே, அதுதான் பொறுக்கவில்லை.

அந்தச் செய்முறை பறவையின் ருசியைக் கொண்டாடப் பிறந்ததன்று, அதன் குறையை மறைக்கப் பிறந்தது. நாளெல்லாம் மண்ணைச் சீய்த்து ஓடும் பறவையின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. தொடை நார் நாராக இருக்கும், நெஞ்சுக்கறியோ சற்று அசந்தால் காய்ந்து சக்கையாகிவிடும். அதனால்தான் அப்பத்தா, தாத்தா கொண்டுவந்த கோழியை அன்றே சமைக்க மாட்டார். உப்பும் மஞ்சளும் தடவி ஓரிரவு வைத்து, மறுநாள் சின்ன வெங்காயமும் தோட்டத்து மிளகும் அரைத்துச் சேர்த்து, நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, மண்சட்டியில் இரண்டு மணி நேரம் விறகைப் பின்னுக்கு இழுத்து இழுத்து வேகவைப்பார். நீங்கள் காட்டின் ருசி என்று நாக்கைச் சப்புக் கொட்டுவது அந்த இரண்டு மணி நேரத்தின் ருசி. நம்பாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்ற பொங்கலுக்கு வத்தலக்குண்டில் வாங்கிய முற்றிய நாட்டுச் சேவலை இதே முறையில் வைத்தேன். வேட்டைக்கறி தின்றே வளர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளும் என் சித்தப்பா மகன், இது காட்டுக்கோழிதான் என்று சத்தியம் செய்தான். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. நம் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணுவே இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் மரபியல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

"நீ மட்டும் தின்றாயே" என்று சிலர் கேட்கிறார்கள். தின்றேன், மறைக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதான 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் தாத்தா தம் ஒற்றைக்குழல் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, அதற்குப் பிறகு வெறுங்கையோடுதான் தோட்டத்தைச் சுற்றினார். சட்டம் புரிந்த மனிதர் என்று சொல்லவில்லை. நிறுத்து என்றார்கள், நிறுத்தினார். கைப்பேசியில் உலகத்தையே பார்க்கிற உங்களுக்கு அது முடியவில்லை.

"காப்பித் தோட்டத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறதே" என்பார் இன்னொருவர். இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத பறவை, உங்கள் வேலியோரம் நாலு மேய்வதால் மலிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை. இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களைப் பற்றி மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கும் ஒரு வார்த்தை: விருந்தினர் மாளிகை முற்றத்தில் விளக்கு கட்டிப் படம் பிடித்தவர்கள் பளியர்கள் அல்லர். வழக்கு என்று வந்தால் முதலில் யாருடைய குடிசையில் சோதனை நடக்கும் என்பது மட்டும் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிராய்லர் தின்பவனுக்கு என்ன கருணை என்ற கேள்விக்கு நேர்மையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் நான் கருணையைப் பற்றிப் பேசவே இல்லையே! என் அப்பத்தாவைப் பற்றித்தான் பேசுகிறேன். அவர் சமையலில் கால்வாசி நேரம் அடுப்பருகில் கழியாது. முற்றத்து வெயிலில், சுளகில் கறியைப் பரப்பி, விரல் நுனியால் தடவித் தடவி ஈய ரவைகளைப் பொறுக்குவதில் கழியும். ஒவ்வொன்றும் பித்தளைத் தம்ளரில் 'டிங்' என்று விழும். கண் மங்கிய பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒரு முறை நான் தவறவிட்ட ரவையைக் கடித்துத் தாத்தாவின் கடைவாய்ப் பல் உடைந்தது. அதற்கு ஏச்சு வாங்கியவரும் அப்பத்தாதான். இதையும் அந்தப் பதிவில் ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தேன்.

காணொளியில் அந்த ஒரு பத்தி மட்டும் இல்லை. நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உரித்த கோழியின் உடம்பில் ஒரு துளைகூட இல்லை, வலக்காலில் மட்டும் தோல் வழண்டு வளையமாகக் கன்றியிருக்கிறது. தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று புரியும்: சுருக்கு. சட்டப்படி கண்ணி வைப்பதும் வேட்டைதான். முட்டை எடுப்பதும்கூட வேட்டைதான். துப்பாக்கி பிடித்தவனாவது எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுட்டான். சுருக்கு எதையும் பார்ப்பதில்லை, குஞ்சுகளோடு மேயும் பெட்டையும் அதில்தான் மாட்டும்.

"ரவை பொறுக்கும் வேலையை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். நேற்றிரவு என்னை பிளாக் செய்துவிட்டார். காணொளி அப்படியே இருக்கிறது, அப்பத்தாவின் மலைப்பூண்டோடு.