அளவெடுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் யார் நின்றார்கள்?

என் உயரத்துக்குப் பெரும்பாலான கார்களில் சீட் பெல்ட் தோளில் படிவதில்லை, கழுத்தை உரசிக்கொண்டே போகும். குறை என் உடம்பில்தான் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். கூட்டமாக ஆட்களை அளப்பது பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த நினைப்பு மாறியது.

1950இல் அமெரிக்க விமானப்படை 4,000க்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தது. அதில் பத்து அளவுகளை மட்டும் எடுத்து, பத்திலும் சராசரியை ஒட்டி வருகிறவர் எத்தனை பேர் என்று பார்த்தார் விமானப்படை ஆய்வாளர் கில்பர்ட் டேனியல்ஸ். ஒருவர்கூட இல்லை!

அப்புறம் உடம்பை அளக்கும் ஸ்கேனர் வந்தது. உடம்பின் மேல் ஒளிக்கோடு ஓடும். அது வளைகிற விதத்தைக் கேமராக்கள் பிடித்து, சில நொடிகளில் முழு உருவத்தையும் லட்சக்கணக்கான புள்ளிகளாக்கிவிடும். 1998இல் தொடங்கிய 'சீசர்' ஆய்வு அமெரிக்கா, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய மூன்று நாடுகளில் ஏறத்தாழ 4,400 பேரை இப்படி அளந்தது. ஒளிக்குத் தோல்தான் தெரியும், எலும்பு தெரியாது. அதனால் எலும்பு முனைகளைக் கையால் தொட்டுப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அக்குளும் தொடைகளின் உட்பக்கமும் ஒளிக்கு எட்டாது. மூச்சை இழுத்தாலே மார்பளவு மாறிவிடும். இதையெல்லாம் சரிசெய்ய வழி இருக்கிறது, எனக்கு அதில் பெரிய கவலை இல்லை.

கவலை வேறு. இன்று போனில் முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாலே அளவு சொல்லும் செயலிகள் இருக்கின்றன. இரண்டு படத்தில் முழு உடம்பு எப்படித் தெரியும்? ஏற்கெனவே அளந்த உடல்களிலிருந்து கற்ற ஒரு கணினி மாதிரியை வைத்து, தெரியாததை ஊகிக்கிறார்கள். 2015இல் வெளியாகி இன்று ஆராய்ச்சியில் பரவலாகப் புழங்கும் 'எஸ்.எம்.பி.எல்' என்ற மாதிரி, உடல்வடிவத்தைக் கற்றதே சீசர் தரவிலிருந்துதான். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 18 முதல் 65 வயது வரையானவர்கள். அப்படியானால் முதுகு கூனிய எண்பது வயதுப் பாட்டியின் உடம்பை அது எங்கே பார்த்திருக்கும்?

இந்த ஓட்டை புதிதில்லை. 1939-40இல் அமெரிக்காவில் ஆடை அளவுக்காக ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தபோது, வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அன்று தாளில் விட்டதை இன்று கணினிக்குள் விடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கிற விஷயம்.

நிமிர்ந்து நிற்க முடியாதவர்களையும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும், அந்த மூன்று நாடுகளுக்கு வெளியே இருப்பவர்களையும் அளக்க வேண்டும். அவர்கள் சம்மதத்தோடு, கூச்சப்படாமல் நிற்க இடம் கொடுத்து அளக்க வேண்டும். துல்லியம் எத்தனை மில்லிமீட்டர் என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம், யாரை அளந்து பார்த்து அதைச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.