நம்பரைப் போட்டால் பிள்ளை இருக்கும் இடம் தெரியுமா?

"பிள்ளையின் போன் நம்பரை இந்த ஆப்பில் போட்டால் போதும், மேப்பில் இடம் தெரியும், அவர்கள் போனில் எதுவும் ஏற்ற வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஜிபிஎஸ், வைஃபை, டவர் சிக்னலை வைத்து இருப்பிடத்தைக் கணக்கிடுவது அந்தப் போன்தான். அதில் ஆப் இருந்து, லொகேஷன் அனுமதியும் கொடுத்திருந்தால்தான் அது உங்களுக்கு வந்து சேரும். வெறும் நம்பரைக் கேட்கும் ஆப்புக்கு வேண்டியது பெரும்பாலும் உங்கள் தொடர்புப் பட்டியல், இல்லாவிட்டால் பணம்.

பிள்ளை இருக்கும் இடத்தைக் காட்டும் கூகுள் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஃபைண்ட் மை ஆகிய ஆப்கள் இரண்டும் இலவசம். ஆனால் பிள்ளையின் போனிலும் அமைத்தாக வேண்டும்; அவற்றின் உதவிப் பக்கங்களிலேயே பார்க்கலாம். வேறு ஆப் என்றால், பிளே ஸ்டோரில் அந்த ஆப் என்னென்ன தகவல்களை எடுக்கிறது என்று சொல்லும் தரவுப் பாதுகாப்புப் (Data safety) பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தச் செய்தியை மட்டும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.