வரி வீட்டைப் பார்க்கிறது, வேலையை அல்ல

எடின்பரோவில் ஸ்காட்லாந்து அரசு வேலை, வீடு மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில். இப்படி இருந்து இங்கிலாந்து விகிதத்தில் வருமான வரி கட்டுபவர்களை வரி ஏய்ப்பவர்கள் போலக் காட்டி, அவர்களிடமும் ஸ்காட்லாந்து வரியே வாங்க வேண்டும் என்கிற ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது எனக்கு ஏற்பில்லை. சட்டமே அப்படித்தான். சம்பளம் யார் தருகிறார்கள் என்பதை அது பார்ப்பதில்லை, முதன்மை வீடு எங்கே என்பதைத்தான் பார்க்கிறது. எல்லையோர இங்கிலாந்து ஊரான பெரிக்கில் வீடு வைத்துக்கொண்டு தினமும் ரயிலேறி எடின்பரோ போகிறவருக்கு இங்கிலாந்து விகிதம். அதே ரயிலில் எதிர்த்திசையில் வேலைக்குப் போகிற ஸ்காட்லாந்துவாசிக்கு ஸ்காட்லாந்து விகிதம். அவருடைய சம்பளச் சீட்டில் வரிக் குறியீடு 'எஸ்' என்று தொடங்கும்.

வித்தியாசம் சின்னதில்லை, சரி. இங்கிலாந்தில் 50,270 பவுண்டைத் தாண்டினால்தான் 40 சதவீதம். ஸ்காட்லாந்தில் 43,662-ஐத் தாண்டியதுமே 42. ஆண்டுக்கு 50,000 வாங்குபவருக்கு ஏறக்குறைய 1,500 பவுண்டு கூடப் போகிறது. ஆனால் எல்லைக்கு அப்பால் குடியிருப்பவர் இழப்பதையும் சொல்ல வேண்டாமா? ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கட்டணமும் கிடையாது. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் அந்தக் கணக்கு இந்த 1,500-ஐ விழுங்கிவிடும்.

ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு விதி வேறு. அவர்கள் எங்கே குடியிருந்தாலும் ஸ்காட்லாந்து வரிதான். விகிதத்தை முடிவு செய்பவர்களுக்கு அது நியாயம். கோப்பு தூக்குகிற எழுத்தருக்கும் அதையே நீட்டச் சொல்வது அநியாயம்.