பழைய கணினிக்குள்ளே கம்பைலரைத் தேடாதீர்கள்

386, 8088, காமடோர் 64 என்று பழைய கணினி எதையாவது தூசி தட்டி எடுத்து உயிர் கொடுத்தவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "இதில் ஓடுகிற சி கம்பைலர் எது?" கேள்வியே பாதி தப்பு என்பது என் கட்சி. கம்பைலர் என்பது நாம் எழுதுவதைக் கணினி ஓட்டக்கூடிய புரோகிராமாக மாற்றித் தருகிற மென்பொருள். அது பழைய கணினியில் ஓட வேண்டியதில்லை. அது உருவாக்கித் தருகிற புரோகிராம் ஓடினால் போதும்.

இப்போது வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே எழுதுங்கள், அங்கேயே கம்பைல் செய்யுங்கள், முடிந்த ஃபைலை மட்டும் பழையதற்குக் கொண்டுபோங்கள். இதற்கென்றே கிராஸ் கம்பைலர்கள் இருக்கின்றன. "இது போங்காட்டம், அசல் அனுபவம் இல்லை" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 1993இல் வந்த டூம், பழைய பிசிக்களை இயக்கிய டாஸுக்கான கேம். அதை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் வேலை பார்த்தது நெக்ஸ்ட் என்ற வேறு வகைக் கணினிகளில். வசதி இருந்தவர்கள் அன்றைக்கே அப்படித்தான் செய்தார்கள். நமக்கு மட்டும் எதற்கு இந்த விரதம்?

தேடும்போது மொழியை விட்டுவிட்டு பிராசஸரின் பெயரைப் பிடியுங்கள். 6502 (காமடோர் 64இல் இருப்பது இந்தக் குடும்பம்தான்) என்றால் சிசி65. இசட்80 என்றால் எஸ்டிசிசி, இசட்88டிகே. டாஸில்தான் பலர் வழுக்குகிறார்கள். டிஜேஜிபிபி என்பது ஜிசிசி என்ற இலவச கம்பைலரின் டாஸ் வடிவம், அருமையான சரக்கு. ஆனால் அது தருகிற புரோகிராமுக்குக் குறைந்தது 386 வேண்டும். 286இல் ஓடவே ஓடாது. அங்கே கைகொடுப்பது ஓப்பன் வாட்காம். லினக்ஸிலோ விண்டோஸிலோ இருந்தபடியே 16 பிட் டாஸ் புரோகிராம் எடுக்கலாம். பாஸ்கல் பிடித்தவர்களுக்கு ஃப்ரீ பாஸ்கலிலும் 8088இன் குடும்பமான 8086க்கு வழி உண்டு.

புதிய கம்பைலரிடம் "32 பிட்" என்று சொன்னால் எல்லாப் பழைய பிசிக்கும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். ரஸ்ட் மொழியின் ஐ686 டார்கெட் (எந்தப் பிராசஸருக்கு என்று சொல்லும் தேர்வு), பெயரைப் பார்த்தால் பென்டியம் புரோ காலத்தது மாதிரி இருக்கும். ஆனால் பிராசஸருக்குள்ளே எஸ்எஸ்இ2 என்ற கூடுதல் கட்டளைகள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. அவை பென்டியம் 4உடன்தான் வந்தன. பென்டியம் 3இல் அந்த புரோகிராம் பாதியில் செத்து விழலாம். ஐ586 டார்கெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, கம்பைலர் கிடைத்துவிட்டது. அதோடு பிரச்சினை தீராது. 6502இன் ஸ்டாக், அதாவது தற்காலிகத் தகவல்களை அடுக்கி வைக்கும் இடம், மொத்தமே 256 பைட். சி மொழியில் ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும் வாழும் லோக்கல் மாறிகளுக்கு அது எங்கே காணும்? அதனால் சிசி65 தனியாக ஒரு ஸ்டாக்கை மெமரியில் வைத்து ஓட்டுகிறது, அதற்கு வேகத்தில் விலை கொடுக்கிறது. லோக்கல் மாறிகளை ஸ்டாட்டிக் ஆக்கினால் (நிலையான இடம் கொடுத்தால்) நன்றாகவே வேகம் கூடும். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷனை மட்டும் மறந்துவிட வேண்டும். தசமப் புள்ளிக் கணக்கு சிசி65இல் கிடையாது. 16 பிட் டாஸில் இன்ட் என்ற முழு எண் 32767க்கு மேல் போகாது. மெமரியின் ஒரு துண்டு, அதாவது செக்மென்ட், 64 கேபிதான். ஸ்மால், லார்ஜ் என்ற மெமரி மாடல் சமாச்சாரத்தை ஒரு மாலை உட்கார்ந்து படிக்காமல் யாரும் தப்ப முடியாது.

என் கட்சிக்கு நானே எதிராகப் பேசும் இடம் ஒன்று உண்டு: டர்போ பாஸ்கல். 1983இல் 49.95 டாலருக்கு வந்தது. எடிட்டரும் கம்பைலரும் ஒரே ஃபைலில், 40 கேபிக்கும் குறைவு. சோர்ஸை மெமரியிலேயே வைத்துக்கொண்டு ஒரே பாஸில், அதாவது ஒரே தடவை வாசித்து, கம்பைல் செய்துவிடும், டிஸ்கைத் தொடவே தேவையில்லை. ஃப்ளாப்பி மாற்றி மாற்றிப் போட்டு, பாஸ் பாஸாகக் காத்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! எழுதிய ஆன்டர்ஸ் ஹைல்ஸ்பர்க்தான் பிற்பாடு சி ஷார்ப்பையும் டைப்ஸ்கிரிப்டையும் வடிவமைத்தார். மனிதருக்குக் கம்பைலர் கைவந்த கலை. இதற்காக மட்டும் 8088 முன்னாலேயே உட்காரலாம் என்பேன். 1.0, 3.02, 5.5 பதிப்புகள் மூன்றையும் அதை வெளியிட்ட போர்லாண்ட் நிறுவனம் பின்னாளில் இலவசமாகவே கொடுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் இருந்தால் 5.5 போடுங்கள், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் வசதி வரை கிடைக்கும். ஒற்றை ஃப்ளாப்பி என்றால் 3.02 போதும்.