பிளஸ் ஒன் பாடத்த மறுபடி ஓரங்கட்டிடுவாங்க
தமிழ்நாட்டுல பிளஸ் ஒன் பொதுத்தேர்வ ரத்து பண்ணிட்டதால பசங்களுக்கு அழுத்தம் கொறையும்னு உங்க கட்டுரைல சொல்லியிருக்கீங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. 2017-18ல அந்தத் தேர்வ கொண்டு வந்ததே எதுக்கு? அதுக்கு முன்னாடி நெறைய தனியார் பள்ளிகள்ல பிளஸ் ஒன் பாடத்த சும்மா தொட்டுட்டு பிளஸ் டூ பாடத்தையே ரெண்டு வருஷம் உருப்போட வச்சாங்க, அதத் தடுக்கத்தான். எங்க அண்ணன் பையன் ஹாஸ்டல்ல தங்கி அப்படித்தான் படிச்சான், விடியக்காலைல ஸ்டடி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் டெஸ்ட், அவனோட பிளஸ் ஒன் பிசிக்ஸ் புக்கு அட்டை போட்டது போட்டபடி பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு, கணக்குல சென்டம் வாங்கி இன்ஜினியரிங் போனவன் முதல் செமஸ்டர்ல வெக்டர் நடத்துறப்ப திருதிருன்னு முழிச்சிருக்கான். மேல கமெண்ட்ல ஒருத்தர் நீட், ஜேஇஇ-ல பிளஸ் ஒன் பாடமும் வருதே அதனால ஸ்கூல்லயே ஒழுங்கா நடத்திடுவாங்கன்னு எழுதியிருக்காரு, சார், அது கோச்சிங் போற பசங்க கதை, காமர்ஸ் குரூப் எடுத்த பொண்ணுக்கு பிளஸ் ஒன் அக்கவுன்டன்சிய யாரு நடத்துவா, அதுல அடிப்படை புரியலன்னா பிளஸ் டூல பார்ட்னர்ஷிப் கணக்கு எப்படிப் போடும்? பிடி பீரியட்ட கணக்கு டீச்சர் வாங்கிக்கறதும் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸும் இதனால நிக்கப் போறதில்ல. தேர்வ ரத்து பண்ணது பண்ணதாவே இருக்கட்டும், ஆனா சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்லேர்ந்து சொல்லாம கொள்ளாம கிளாசுக்குள்ள போய் பசங்க நோட்டப் பிரிச்சு எந்தப் பாடம் ஓடுதுன்னு பாக்கணும், முழு ஆண்டுத் தேர்வு பேப்பரையாவது வேற ஸ்கூல் ஆசிரியர்கள வச்சுத் திருத்தணும்.