‘ஆக்கமா, அழிவா’ தலைப்பை இனி விட்டுவிடுவோம்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கும் ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாளுக்கும் சென்னைப் பள்ளி, கல்லூரிகளில் பேச்சுப்போட்டி வைத்தால், பெரும்பாலும் இதுதான் தலைப்பு: ‘அறிவியல் ஆக்கத்திற்கா, அழிவிற்கா?’ கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும் என்று ஒரு பிள்ளை சொல்லும். கைதட்டல் விழும். எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில் இருக்கிறது என்று நடுவர் முடித்துவைப்பார். யாருக்கு என்ன தெரிந்திருந்தது, எதை மறைத்தார்கள், தெரிந்துகொண்ட மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்க அங்கே இடமே இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ‘காசில் பிராவோ’ ஹைட்ரஜன் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்தது சுமார் 6 மெகா டன். வெடித்தது 15 மெகா டன், அதாவது ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. எரிபொருளில் இருந்த லித்தியத்தில் சுமார் 40 விழுக்காடு லித்தியம்-6, மீதி லித்தியம்-7. ஒரே தனிமத்தின் எடை வேறான இப்படிப்பட்ட வடிவங்களுக்கு ஐசோடோப்பு என்று பெயர். இந்த லித்தியம்-7 வெடிப்பில் பெரிதாகப் பங்கெடுக்காது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதிவேக நியூட்ரான் மோதியதும் அதுவும் உடைந்து ட்ரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜனைக் கொடுத்தது. அணுக்கரு இணைவுக்குத் தீனியே ட்ரிட்டியம்தான். அறிவியலின் எல்லை என்றதும் மேடையில் கடவுள், ஆன்மா என்று போய்விடுகிறார்கள். இங்கே எல்லை ஒரே ஒரு ஐசோடோப்பைப் பற்றிய அனுமானத்தில் இருந்தது. அறிவிக்கப்பட்ட ஆபத்துப் பகுதிக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேர்மீது பவளப்பாறைச் சாம்பல் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. படகின் ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார்.

அந்தச் சாம்பலை ஆராய்ந்தவர் ஒசாகாவின் யசுஷி நிஷிவாக்கி. அவர் தந்த தரவுகளை வைத்துக் கணக்குப் போட்டவர் இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட். சாம்பலில் யுரேனியம்-237 இருந்தது. இதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், ஏழு நாள்கூட இல்லை, இயற்கையில் கிடைக்காது. யுரேனியம்-238 மீது அதிவேக நியூட்ரான் மோதி இரண்டு நியூட்ரான்களை வெளியே தள்ளினால் உண்டாகும். அப்படியானால் குண்டைச் சுற்றி யுரேனியம்-238 உறை இருந்திருக்கிறது, ஆற்றலின் பெரும்பகுதி அணுப்பிளவிலிருந்தே வந்திருக்கிறது, கதிரியக்க நச்சும் அதற்கேற்ப அதிகம். அரசு வாய் திறக்காத இந்தச் செய்தியை 1955-இல் ராட்பிளாட் அச்சில் ஏற்றினார்.

ஜெர்மனி அணுகுண்டு முயற்சியைக் கைவிட்டது தெரிந்ததும், 1944 இறுதியில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டமான மன்ஹாட்டன் திட்டத்தைவிட்டு வெளியேறியவர் என்றுதான் இவரைப் பாராட்டுகிறோம். 1995-இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார். என்னைக் கேட்டால் 1955-இல் செய்ததுதான் பெரிது. வெளியேறியபோது காரணத்தைச் சக ஊழியர்களிடம்கூட அவர் சொல்ல முடியவில்லை. பதினோரு ஆண்டு கழித்துச் சொன்னதோ சாதாரண மக்கள் கையில் எடுத்துப் பேசக்கூடிய செய்தி.

மக்களும் பேசினார்கள். அணுச் சோதனைச் சாம்பலில் வரும் கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 வேதியியல்படி கால்சியத்துக்குப் பங்காளி. புல்லில் விழுந்து, பசு வழியாகப் பாலுக்கு வந்து, குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் தங்கும். அரை ஆயுள் சுமார் 29 ஆண்டு. இதை அளக்க 1958 முதல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார்கள். சுமார் மூன்று லட்சம் பற்கள் சேர்ந்தன. 1962 செப்டம்பரில் நம் ராஜாஜி, 83 வயதில், காந்தி அமைதி நிறுவனக் குழுவோடு வாஷிங்டன் போய், அணுச் சோதனையை நிறுத்தச் சொல்லி கென்னடியிடம் நேரில் வாதாடினார். அவர் வக்கீல், இயற்பியலாளர் அல்ல. பேச அதுவே போதும்.

1963 ஆகஸ்டில் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தது. காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் தடை, நிலத்தடியில் மட்டும் இல்லை. ஏன்? நிலத்தடியில் நடந்தது வெடிப்பா, நிலநடுக்கமா என்று தொலைவிலிருந்தே பிரித்தறிய வேண்டும். வெடிப்பு நிலத்தை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும், அதனால் நில அதிர்வை அளக்கும் எந்த நிலையத்திலும் முதல் அசைவு மேல்நோக்கியே பதிவாகும். நிலநடுக்கத்தில் பாறை வழுக்குவதால் சில நிலையங்களில் மேலே, சிலவற்றில் கீழே. அதிர்வு சிறியதானால் அந்த முதல் அசைவு இரைச்சலில் மூழ்கிவிடும். அப்போது அந்த நாட்டுக்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஏழு முறை என்றது அமெரிக்கா, மூன்றுக்கு மேல் முடியாது என்றது சோவியத். நிலத்தடித் தடை அங்கேயே நின்றுபோயிற்று. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் நாம் நடத்தியவை நிலத்தடிச் சோதனைகள்.

மூன்றா, ஏழா என்பதற்கு எந்த நிலநடுக்கமானியும் விடை சொல்லாது. அடுத்த நாட்டை எவ்வளவு நம்பலாம், எவ்வளவு சந்தேகத்தோடு வாழலாம் என்பது நாம் எல்லோரும் முடிவுசெய்ய வேண்டியது. ‘விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒதுங்குவதை என்னால் ஏற்கவே முடியாது. தரமணியில் ஆய்வு நிறுவனம் கண்ட எம்.எஸ். சுவாமிநாதன், அணு ஆயுதத்துக்கு எதிராக விஞ்ஞானிகளைக் கூட்டும், ராட்பிளாட் வளர்த்த பக்வாஷ் அமைப்புக்கே 2002 முதல் 2007 வரை தலைவராக இருந்தவர். சென்னைக்கு இந்தப் பேச்சு அந்நியமல்ல.

போட்டித் தலைப்பு தேர்வுசெய்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆகஸ்டில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். இயற்பியல் ஆசிரியர் அந்த முதல் அசைவைக் கரும்பலகையில் வரைந்து காட்டட்டும். ஓர் அணி ஏழு கேட்கட்டும், மற்றது மூன்றில் நிற்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு அணியும் கையெழுத்திடக்கூடிய ஓர் எண்ணுக்கு அவர்கள் வந்தாக வேண்டும்.