ஓடுபாதை தெரியவில்லை என்றால் இறங்கக் கூடாது, அவ்வளவுதான்

அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. பனிமூட்டத்தில் விமானம் இறங்காமல் மேலே ஏறி வேறு ஊருக்குப் போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து படம் பிடித்தவர், "கீழே லைட் எல்லாம் தெரியுது, இந்த ஆளுக்கு மட்டும் தெரியலையாம்" என்கிறார். பின்னால் ஒரே சிரிப்பு.

சரி, அந்த லைட்டையே எடுத்துக்கொள்வோம். பனிமூட்டம் பல சமயம் தரையை ஒட்டிய மெல்லிய படலமாகத்தான் கிடக்கும். மேலிருந்து நேராகக் குனிந்து பார்த்தால் கண் அந்தப் படலத்தின் தடிமனை மட்டும் தாண்டினால் போதும், லைட் பளிச்சென்று தெரியும். விமானி பார்ப்பது முன்னால். 3 டிகிரி சரிவில் இறங்குபவரின் பார்வை அதே படலத்துக்குள் சாய்வாக நூற்றுக்கணக்கான மீட்டர் போக வேண்டும். ஜன்னலுக்குத் தெரிந்தது காக்பிட்டுக்குத் தெரியாமல் போவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

"கடைசி நேரத்தில் பயந்துட்டார்" என்கிறார்கள். பயம் இல்லை ஐயா. ஓடுபாதைக்கு ரேடியோ சமிக்ஞையால் வழிகாட்டும் அமைப்புதான் ஐஎல்எஸ். அதன் அடிப்படைப் பிரிவான கேட் 1 இறக்கத்தில், இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உயரம் 200 அடிக்குக் குறையாது. அங்கே வந்ததும் 'மினிமம்ஸ்', அதாவது அந்த உயரம் வந்துவிட்டது என்று காக்பிட்டில் குரல் வரும். அப்போது ஓடுபாதையோ அதற்கு முந்தைய விளக்கு வரிசையோ கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லையா, கோ-அரவுண்ட்: இறங்காமல் திரும்ப மேலே ஏறிவிட வேண்டும். எவ்வளவு எரிபொருள் இருக்கிறது, எவ்வளவு நேரம் வட்டமடிக்கலாம், இறங்க முடியாவிட்டால் வேறு எந்த ஊருக்கு டைவர்ட் ஆவது என்பதையெல்லாம் இறங்கத் தொடங்கும் முன்பே விமானிகள் இரண்டு பேரும் பேசி முடித்திருப்பார்கள். 200 அடியிலிருந்து தரை சுமார் 15 நொடி தூரம். "இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்" என்பதற்கு அங்கே இடமே கிடையாது.

"முன்னாடி போன விமானம் இறங்குச்சே?" இறங்கியிருக்கும். ஓடுபாதையில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்ற ஆர்விஆர் அளவு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கேட் 1-க்கு 550 மீட்டர் வேண்டும், கேட் 2-க்கு 300 போதும், கேட் 3-க்கு அதைவிடக் குறைவு. ஆனால் அதற்கு விமானம், விமானிகள், விமான நிலையம் மூன்றுக்கும் தகுதி இருக்க வேண்டும். ஒன்றில் குறை என்றாலும் திரும்ப 550-தான்.

இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2011 பிப்ரவரி 10, அயர்லாந்தின் கார்க். பனிமூட்டத்தில் ஒரு சிறிய விமானம் இரண்டு தடவை முயன்று, இரண்டு தடவையும் 200 அடிக்குக் கீழே போய்விட்டு மேலே ஏறியது. மூன்றாவது தடவையும் கீழே போனது. இருந்த 12 பேரில் 6 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் சேர்த்து. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க். போலந்து அதிபர் உட்பட 96 பேர். தவறவிடக் கூடாத அஞ்சலி நிகழ்ச்சி, கீழே பனிமூட்டம். 'மேலே ஏறு' என்று எச்சரிக்கைக் கருவி கத்தியும் பலனில்லை. உங்கள் கல்யாணம், இன்டர்வியூ எல்லாம் முக்கியம்தான். அவர்களுக்கும் முக்கியமாகத்தான் இருந்தது.

நான் துணை விமானியாக வலது இருக்கையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு காலை. 'மினிமம்ஸ்' குரல் வந்தது, வெளியே வெறும் வெள்ளை. கேப்டன் சட்டென்று கோ-அரவுண்ட் சொன்னார், டைவர்ட் ஆனோம். பயணிகள் இறங்கும்போது கதவருகே நின்று ஒவ்வொருவரிடமும் வருத்தம் தெரிவித்தார். ஒருவர் அவர் முகத்துக்கு நேராக, "ஓட்டத் தெரியலைன்னா எதுக்கு சார் சம்பளம்?" என்றார். முப்பது வருஷம் பறந்த மனிதர். "மன்னிக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அலுவலகத்திலிருந்து போன்: கூடுதல் எரிபொருளுக்கு விளக்கம் வேண்டுமாம். கோ-அரவுண்டுக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது கொள்கை. காகிதத்தில் அழகாக இருக்கும்.

விவரம் தெரிந்த சிலர், "கோ-அரவுண்டும் ஆபத்துதானே" என்கிறார்கள். உண்மை. 2016-இல் ரஷ்யாவின் ரஸ்தோவில் இரண்டாவது கோ-அரவுண்டில்தான் விமானம் தலைகுப்புற விழுந்து 62 பேர் போனார்கள். திடீரென்று முழு உந்துவிசை கொடுக்கும்போது, மூக்கு அளவுக்கு மீறித் தூக்கிவிட்டதாக உடம்பே பொய் சொல்லும். அதற்குத்தான் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுகிறோம். அதனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் என்கிறீர்களா? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தெரியாமல் இறங்கி, அதிர்ஷ்டத்தால் தப்பித்திருந்தால் இதே கேபினில் கைதட்டியிருப்பார்கள். "சூப்பர் கேப்டன்" என்று ரீல் வந்திருக்கும். முறையாக நடந்துகொண்டவருக்கு "இவனை வேலையை விட்டுத் தூக்கு".

இதையெல்லாம் இப்போது பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாளைக்கு அந்த 200 அடியில், வெளியே வெள்ளையாக இருக்கும்போது, இந்தச் சிரிப்பு அவர்களில் ஒருவருக்கு நினைவுக்கு வந்தால்? டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், ஓட்டல் அறை கேளுங்கள், நிறுவனத்தோடு சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். அந்த மனிதரை விட்டுவிடுங்கள்.